சேவலா? பெட்டையா?

இரண்டாமாண்டு பி.எஸ்சி., விலங்கியல்

கோழி முந்தியா, முட்டை முந்தியா என்று பட்டிமன்றம் நடத்துவோர் நம் நாட்டில் ஏராளம். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாலும் யாருக்கும் ஒரு காசு மிச்சமில்லை. ஒரு முட்டை கூடுதலாகக் கிடைக்கப் போவதுமில்லை. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. இன்று காலை பொரிந்து, ஈரம் காய்ந்து, உள்ளங்கையில் நடுங்கிக் கொண்டிருக்கும் இந்தக் குஞ்சு சேவலா, பெட்டையா? இதற்குச் சரியான விடை சொல்லக் கற்றவர்கள் உலகில் சிலரே. விடை தெரிந்த பிறகு அந்தக் குஞ்சை என்ன செய்வது என்று நின்று சிந்தித்தவர்கள் அவர்களிலும் சிலர். இவ்விரண்டையும் பற்றிச் சில சொற்கள் எழுதுவதே என் நோக்கம்.

கோழியின் பால் அறிவதில் என்ன பெரிய அறிவியல் இருக்கிறது என்று நகரத்து நண்பர்கள் எண்ணக் கூடும். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் கோழிதான் ஏழையின் வங்கி. சாமையும் கேழ்வரகும் வீட்டுக்கு ஆகும். மரவள்ளிக் கிழங்கு விற்ற பணம் கடனுக்குப் போகும். நோயென்றாலும் விருந்தென்றாலும் பள்ளிக்கூடச் செலவென்றாலும் கூடைக்கடியிலிருக்கும் கோழிதான் கைகொடுக்கும். பெட்டையானால் முட்டையும் அடுத்த ஈடு குஞ்சும் தரும். சேவலானால் பண்டிகைக்கு முன் நல்ல விலைக்குப் போகும். ஆகவே எது எது என்று முன்கூட்டியே தெரிந்தால் குடும்பத்தின் வரவு செலவுத் திட்டத்தையே முன்கூட்டிப் போட்டுவிடலாம்.

அதனால்தான் இந்தக் கேள்விக்கு மக்கள் நெடுங்காலமாக விடை தேடியிருக்கிறார்கள். கூரான முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பொரிக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். ரோம நாட்டு வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லாவும் ஏறத்தாழ இதையே எழுதினார். அவருக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலோ நேர்மாறாக, நீண்டு கூரானது பெட்டை, உருண்டது சேவல் என்றார்! குஞ்சைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பது, முட்டைக்கு மேல் நூலில் மோதிரத்தைக் கட்டி அது ஆடும் திசையைப் பார்ப்பது என்று வேறு வழிகளும் உண்டு.

இவை ஏன் இத்தனை காலம் உயிரோடு இருக்கின்றன? கணக்கு எளிது. பொரியும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல், பாதி பெட்டை. கண்ணை மூடிக்கொண்டு எதைச் சொன்னாலும் பத்துக்கு ஐந்து பலிக்கும். பலித்த ஐந்தை ஊர் முழுவதும் சொல்வோம். பலிக்காத ஐந்தை மறந்து போவோம். சோதிடம் பிழைப்பதும் இந்தக் கணக்கால்தான். ஐயமுள்ளோர் அடை வைக்கும்போது கூர் முட்டையில் கரியால் கோடு போட்டு, பொரிந்த குஞ்சுகளைத் தனித்தனியே வளர்த்து, மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்க்கலாம். ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு கரித்துண்டும் பொறுமையும் போதும்.

எங்கள் ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஐந்து வாரக் குஞ்சுகள் மேயும் முற்றத்தில் நின்று விரலால் சுட்டி, இது சேவல், இது பெட்டை என்று வரிசையாகச் சொல்லிவிடுவார், தவறுவது அரிது. கொண்டை முந்திச் சிவந்து தடித்தால் சேவல். கால் தடித்து, உடல் நிமிர்ந்து நின்றால் சேவல். முதுகிலும் வாலிலும் இறகு முந்தி மூடினால் பெட்டை. இன்னும் சில வாரம் கழித்தால் கழுத்திலும் இடுப்பிலும் சேவலுக்கு இறகு கூராக நீண்டு பளபளக்கும். பெட்டைக்கு முனை மழுங்கியிருக்கும். புத்தகத்திலும் இவையே இருக்கின்றன. புத்தகம் எழுதியவர் ஆயாவிடம் கேட்கவில்லை. ஆயா புத்தகத்தைப் படிக்கவுமில்லை. இருவரும் கோழியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் முதல் நாள் குஞ்சில் ஆயாவாலும் சொல்ல முடியாது. அங்கேதான் ஜப்பானியர் வருகிறார்கள். கியோஷி மசூயி என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும், பொரிந்த குஞ்சின் எச்சத் துவாரத்தை மெல்ல விரித்துப் பார்த்தால், சேவல் குஞ்சில் கடுகினும் சிறிய ஒரு மொட்டுப் போன்ற புடைப்பு தெரியும் என்று கண்டார்கள். 1927ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழியியல் மாநாட்டில் இதை உலகுக்கு அறிவித்தார்கள். பிறகு ஜப்பானில் இதற்கென்றே பயிற்சிப் பள்ளி எழுந்தது. அதில் தேறியவர்கள் பல நாடுகளுக்கும் சென்று பொருளீட்டினார்கள். கைதேர்ந்தவர் மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் குஞ்சுகளைப் பிரிப்பார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்கும். பொரிந்த ஒரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். விரல் சற்று அழுந்தினாலும் குஞ்சின் உயிர் போய்விடும்.

இந்த வித்தையில் ஒரு வேடிக்கை உண்டு. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால், பார்த்தால் தெரிகிறது என்பார்களாம் அந்த வல்லுநர்கள். ஆண்டுக்கணக்கில் குருவின் அருகே இருந்தால்தான் வரும் என்று பலரும் நம்பினார்கள். 1987இல் அமெரிக்காவில் பீடர்மேன், ஷிஃப்ரார் என்ற இரு உளவியலார் இதைச் சோதித்தார்கள். குஞ்சைத் தொட்டே பார்த்திராதவர்களிடம் அந்த மொட்டின் படங்களைக் காட்டியபோது நூற்றுக்கு அறுபது அளவில்தான் சரியாகச் சொன்னார்கள். பிறகு, எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், புடைப்பு உருண்டிருக்கிறதா தட்டையாக இருக்கிறதா என்று விளக்கும் ஒரே ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்தார்கள். உடனே எண்பதைத் தாண்டிவிட்டார்கள்! உயிருள்ள குஞ்சில் வேகமாகச் செய்வதற்குப் பழக்கம் வேண்டும் என்பது உண்மையே. எனினும், பரம்பரையாக வந்தவருக்கும் குருவின் அருள் பெற்றவருக்கும் மட்டுமே வரும் என்று சொல்லப்படும் அறிவில் பெரும்பகுதி, தெளிவாக எழுதிய ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த என்னைப் போன்றோர்க்கு இதைவிட நம்பிக்கையூட்டும் ஆராய்ச்சி வேறில்லை.

துவாரத்தைப் பார்க்காமலே சிறகைப் பார்த்துச் சொல்லும் முறையும் உண்டு. மனிதரில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும் என்று படித்திருக்கிறோம். கோழியில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட். பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். தாய்க்கோழி தன் ஒரே இசட்டை மகன்களுக்குத்தான் கொடுக்கும். மகள்களுக்கு இசட் தகப்பனிடமிருந்து வரும். இறகை மெதுவாக வளரச் செய்யும் ஓங்கு மரபணு இந்த இசட்டில் இருக்கிறது. மெதுவாக இறகு முளைக்கும் தாயையும் வேகமாக இறகு முளைக்கும் தந்தையையும் சேர்த்தால், மகன்கள் எல்லாம் தாயைப்போல் மெதுவாகவும் மகள்கள் எல்லாம் தந்தையைப்போல் வேகமாகவும் முளைப்பார்கள். முதல் நாளில் சிறகை விரித்துப் பார்த்தால், பெட்டைக்கு முதன்மை இறகுகள் மூடு இறகுகளைவிட நீண்டிருக்கும். சேவலுக்கு இரண்டும் ஒரே அளவில் இருக்கும். பள்ளிச் சிறுவனும் பிரித்துவிடலாம். ஆனால் இதற்கென்றே சோடி சேர்த்த இனத்தில்தான் இது செல்லும். சந்தையில் வாங்கிய நாட்டுக்கோழிக் குஞ்சின் சிறகை விரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோர் ஏமாறுவார்கள்.

இதுவரை சொன்னது அறிவு. இனிச் சொல்வது அந்த அறிவின் விளைவு.

முட்டைக்கென்றே வளர்த்தெடுத்த இனத்தில் சேவல் முட்டையிடாது; கறிக்கோழிபோல் சதை பிடிக்கவும் செய்யாது. அதற்குப் போடும் தீவனம் வீண் என்பது வியாபாரக் கணக்கு. எனவே குஞ்சு பொரிப்பகங்களில் பிரித்தவுடன் பெட்டைகள் பண்ணைக்குப் போகின்றன. சேவல்கள் சாவுக்குப் போகின்றன. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 600 கோடி முதல் 700 கோடி சேவல் குஞ்சுகள் பிறந்த அன்றே இப்படி அழிவதாக மதிப்பிடுகிறார்கள்.

நம் தெருவில் கூடையில் வைத்து விற்கிறார்களே, ரோஜா நிறம், பச்சை நிறம், மஞ்சள் நிறம் என்று சாயம் பூசிய குஞ்சுகள், அவை பெரும்பாலும் இந்தத் தள்ளுபடிச் சேவல்களே. பழைய பிளாஸ்டிக்குக்கும் இரும்புக்கும்கூட மாற்றாகக் கொடுக்கிறார்கள். குழந்தைகள் ஆசையாக வாங்குகிறார்கள். தாயின் சூடும் விளக்கின் சூடும் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை சில நாளில் செத்துப் போகின்றன. உயிரை விளையாட்டுப் பொம்மையாகக் கருதும் பாடத்தை நம் குழந்தைகள் அங்கே முதன்முதலாகப் படிக்கிறார்கள். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இலேயே வந்துவிட்டது. சாயக் குஞ்சின் கூடையைக் கண்டால் அந்தச் சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது போலும்.

முட்டையையே வெறுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சத்துணவில் முட்டை தின்று வளர்ந்தவள் நான். வீட்டில் முட்டை விற்பதற்கு. பள்ளியில்தான் அது தின்பதற்கு. நாமக்கல் பண்ணைகள் இல்லையென்றால் தமிழ்நாட்டுப் பள்ளிக் குழந்தைகளின் தட்டில் வாரம் ஐந்து முட்டை ஏது? ஏழைக் குழந்தையின் முட்டையைப் பிடுங்கிச் சேவல் குஞ்சுக்குக் கருணை காட்டச் சொல்வது அறமாகாது. ஆனால் ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கொல்வதைத் தவிர வழியில்லை என்பதும் உண்மையாகாது. ஜெர்மனி 2022 சனவரி முதல் நாளிலிருந்து சேவல் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்தது. பிரான்சு 2023இல் பின்தொடர்ந்தது. முட்டை அடையிலிருக்கும்போதே ஒரு துளி நீரை எடுத்துச் சோதித்தும், பழுப்பு முட்டையிடும் இனங்களில் ஓட்டின் வழியே ஒளியைச் செலுத்தி இறகின் நிறத்தைப் பார்த்தும் சேவலை அடையாளம் காண்கிறார்கள். இருபத்தொரு நாள் அடையில் பொரிவதற்கு வெகு முன்னதாகவே அந்த முட்டை நீக்கப்படுகிறது.

அதைவிட எளிய வழி எங்கள் முற்றத்திலேயே இருக்கிறது. ஆயாவுக்கும் சேவல் எது, பெட்டை எது என்று தெரியும். ஆனால் அவர் எதையும் எறிந்ததில்லை. பெட்டை முட்டைக்கு, சேவல் விலைக்கு. நான் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டிய பணத்தில் பாதி, வெள்ளிமலையில் விற்ற சேவல்களின் பணம். முட்டைக்கும் கறிக்கும் ஒருங்கே உதவும் இனங்களை நம் ஆராய்ச்சியாளர்களே உருவாக்கியிருக்கிறார்கள். ஐதராபாத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் தந்த வனராஜாவும், நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தந்த நந்தனம் கோழியும் அத்தகையவை. பண்ணைக்கோழி அளவுக்கு இவை முட்டையிடா; ஆனால் பிறந்த குஞ்சு எதுவும் இவற்றில் வீணில்லை.

நண்பர்களே, இனி நான் சொல்ல விரும்புவது கோழியைப் பற்றியதன்று.

பொரிப்பகத்தில் ஆண் வேண்டாததாகிறது. வீட்டில் பெண் வேண்டாததாகிறாள். இரண்டிடத்திலும் முதலில் நடப்பது ஒன்றுதான்: யாரென்று முன்கூட்டிப் பார்க்கிறார்கள். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்கப்பட்டது? பிறந்த பெண் சிசுக்கள் கொல்லப்பட்டதால். பிறந்த பின் கொல்வது கடினமானபோது, பிறக்குமுன் பார்க்கும் கருவி வந்து சேர்ந்தது. அதைத் தடுக்க 1994இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கருவின் பாலைச் சொல்வோர்க்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. இருந்தும் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாகப் பால் சொன்னவர்கள் கைதான செய்திகளை நாளேடுகளில் ஒரு முறையல்ல, பல முறை படித்துவிட்டோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அவர்கள் எங்கே என்று கேட்பதற்கு அந்த எண்ணுக்கு வாயில்லை.

கோழியையும் பெண்ணையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்று சிலர் சினம் கொள்ளலாம். கோழியையும் பெண்ணையும் நான் ஒப்பிடவில்லை. பார்க்கிறவர் மனத்தைத்தான் ஒப்பிடுகிறேன். குஞ்சு பிரிப்பவருக்கு அது பிழைப்பு. முட்டைக்காரருக்கு அது கணக்கு. பெற்றவர்களுக்கு அது என்ன? மகளையும் தீவனச் செலவையும் ஒரே கணக்கேட்டில் எழுதுகிறவர்தாம் அந்த ஒப்புமையை முதலில் செய்தவர். நானல்ல.

எங்கள் வீட்டில் மூன்றும் பெண். நான் மூன்றாமவள். நான் பிறந்த செய்தி கேட்டு, இதுவும் பொட்டப்புள்ளதானா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போன உறவினர்கள் உண்டு. என் தகப்பனாருக்கு இன்னொரு பெண்ணைப் பார்க்கலாமா என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அவர் கேட்கவில்லை, அது என் பேறு. அவர்கள் அத்தனை பேரும் குற்றவாளியாக்கியது என் தாயை. இருபது ஆண்டுகளாக அந்தச் சொல்லை அவர் சுமந்திருக்கிறார்.

அவர்களுக்கு விலங்கியல் சொல்லும் விடை இது. கோழியில் குஞ்சின் பாலை முடிவு செய்வது தாயின் முட்டை. இசட் கொண்ட முட்டையானால் சேவல். டபிள்யூ கொண்ட முட்டையானால் பெட்டை. மனிதரில் தாயின் முட்டைகள் அனைத்தும் எக்ஸ்தான். எக்ஸோ ஒய்யோ எது வந்து சேர்கிறது என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது. பெண் குழந்தை பெற்றதற்காகப் பழிக்க வேண்டுமென்றால், நம் ஊரார் பெட்டைக் கோழியைப் பழிக்கலாம். பெண்ணைப் பழிக்க இடமேயில்லை. தந்தையையும் பழிக்க வேண்டாம். எந்த அணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. இந்த உண்மைக்கு அடிகோலியவர் ஒரு பெண்மணி என்பதை நம் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. 1905இல் அமெரிக்காவின் நெட்டி ஸ்டீவன்ஸ், மாவுப் புழுக்களின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, ஆணுக்கு ஒரு சிறிய குரோமோசோம் இருப்பதைக் கண்டு, பாலை முடிவு செய்வது அதுவே என்று எழுதினார். அதே ஆண்டில் வில்சனும் தனியே இதை ஒட்டிய முடிவுக்கு வந்தார். ஆசிரியையாகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, முப்பது வயதைத் தாண்டிய பிறகு பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்கியவர் அவர்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் புழுவில் கண்ட உண்மை கச்சிராயபாளையம் தாண்டி மலையேறவில்லை. பேருந்து ஏறுகிறது, கைப்பேசி ஏறுகிறது, திருட்டு ஸ்கேன் கருவியும் ஏறுகிறது. எக்ஸும் ஒய்யும் மட்டும் தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு கல்லூரியிலேயே தங்கிவிடுகின்றன. இந்தக் குறையைச் சட்டத்தால் மட்டும் தீர்க்க முடியாது. படித்தவர்கள் வாய் திறக்க வேண்டும்.

எனவே என் எண்ணங்கள் சிலவற்றை நம் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்கிறேன். முதலாவது, விலங்கியல் செய்முறை வகுப்பில் குஞ்சின் பால் அறியும் முறைகளைக் கற்பிக்க வேண்டும். கால்நடை மருத்துவரை ஒரு நாள் அழைத்தால் போதும். மலையிலிருந்து வரும் மாணவர்க்கு அது கைத்தொழிலாகவும் ஆகும்; குரோமோசோம் பாடம் கண்முன் சிறகாக விரிவதையும் காண்பார்கள். இரண்டாவது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஊருக்குப் போகும்போது சாலையோரத்தைச் சுத்தம் செய்வதோடு நில்லாமல், ஒரு மாலைப்பொழுது கோழியை வைத்தே இந்தப் பாடத்தைச் சொல்ல வேண்டும். ஸ்கேன் என்றதும் எழுந்து போகிறவர்களும் கோழி என்றால் உட்கார்ந்து கேட்பார்கள். மூன்றாவது, சாயக் குஞ்சுகளை வாங்க மாட்டோம், தம்பி தங்கைகளுக்கு வாங்கித் தரவும் மாட்டோம் என்று உறுதி கொள்ள வேண்டும். வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை.

அறிவு கூர்மையான கத்தி. காய் நறுக்கவும் ஆகும், கழுத்தை அறுக்கவும் ஆகும். குஞ்சைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்லும் அறிவு வளரட்டும். நான் அதன் பகைவியல்ல. ஆனால் சொன்ன பிறகு இரண்டுக்கும் இடம் வைத்திருக்கும் மனமும் அதனோடு வளர வேண்டும். அது இல்லாத அறிவு எத்தனை பட்டம் பெற்றாலும் தேறாத அறிவே என்பது என் துணிபு.

பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா என்று ஒரு பழமொழியை நம்மவர் வைத்திருக்கிறார்கள். வாய் திறக்கும் பெண்ணை அடக்குவதற்கு அது உதவுகிறது. விலங்கியல் மாணவி என்ற முறையில் ஒரு சிறு திருத்தம் சொல்கிறேன். சேவல் கூவியும் பொழுது விடிவதில்லை. பூமி சுழல்வதால் விடிகிறது. விடிந்ததை முதலில் கண்டவர் யாரோ, அவர் சொல்லட்டும்.